கூலி கடன், ‘சந்தோஷம்’ ஈகை



 

 

சில மாதங்களுக்கு முன்னர் ஜும்ஆத் தொழுகையின் பின் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். சீகிரியாப் பக்கத்தில் உல்லாசப் பயணிகள் தங்கும் ஹோட்டல் ஒன்றில் உணவு பரிமாறுபவர். “மௌலவி, சாப்பிட்டவர்கள் மேசையில் வைத்துவிட்டுப் போகும் காசு எங்களுக்கு ஹலாலா?” என்று கேட்டார். கேட்டு வாங்காமல், ஏமாற்றாமல், அவர்கள் மனமுவந்து தந்திருந்தால் ஹலால்தான் என்றேன். அவர் போகவில்லை. சற்றுத் தயங்கி, “இன்னொரு விடயம் மௌலவி. எங்கள் ஆட்களும் குடும்பத்தோடு வருவார்கள். டிப்ஸ் கொடுப்பது மார்க்கத்தில் கடமையில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே எழுந்து போவார்கள். காசு பரவாயில்லை. ஆனால் போகும்வரை என்னை ‘டேய்’ என்றுதான் கூப்பிட்டார்கள்” என்றார்.

அந்த வார்த்தை என்னை உறுத்தியது. ஏனெனில் “கடமையில்லை” என்று நானும் சொல்லியிருக்கிறேன். சட்டம் சரியானதுதான். ஆயினும் சரியான சட்டத்தை உள்ளத்தின் கஞ்சத்தனத்துக்கு நாம் திரையாக்கிவிடுகிறோமோ? பணியாளருக்கு டிப்ஸ் கொடுக்க வாடிக்கையாளர் கடமைப்பட்டவரா என்ற கேள்வியை இன்று சற்று ஆறுதலாக ஆராய்வோம்.

எமது மாத்தளை மாவட்டத்தில் இது சிறிய கேள்வியல்ல. மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் ஏ9 வீதியின் இருமருங்கிலும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் இருக்கின்றன. தம்புள்ளையிலும் சீகிரியாவிலும் ஹோட்டல்களும் விருந்தினர் விடுதிகளும் நிறைந்திருக்கின்றன. வழிகாட்டிகளாக, சாரதிகளாக, சமையற்காரர்களாக, பரிமாறுபவர்களாக எமது பிள்ளைகள் அங்கே உழைக்கிறார்கள். ‘டிப்ஸ்’ என்றும் ‘சந்தோஷம்’ என்றும் நாம் சொல்லும் அந்தப் பணம் எத்தனையோ வீடுகளின் அடுப்பை எரியச் செய்கிறது. ஆகவே அது எப்படி வருகிறது, எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதை அறிவது எமது ஈமானுடன் சம்பந்தப்பட்ட விடயமாகும்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். மார்க்கத்தில் கூலி வேறு, அன்பளிப்பு வேறு. உஜ்ரத் எனப்படும் கூலி ஒப்பந்தத்தினால் வருவது. அது கடன். தொழிலாளியின் வியர்வை உலரும் முன் அவனது கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்ததை இப்னு மாஜாவில் காண்கிறோம். மறுமையில் தானே எதிர்வாதியாக நிற்கப்போகும் மூவரைப் பற்றி அல்லாஹ் கூறுவதாக நபியவர்கள் அறிவித்தார்கள். ஒருவனிடம் முழுமையாக வேலை வாங்கிவிட்டு அவனது கூலியைக் கொடுக்காதவன் அம்மூவரில் ஒருவன். இது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அல்லாஹ்வே எதிர்வாதியாக நிற்கும் வழக்கில் எமக்கு யார் வாதாடுவார்?

அன்பளிப்பு அப்படிப்பட்டதல்ல. ஒரு முஸ்லிமின் பொருள் அவனது மனப்பூர்வமான விருப்பமின்றி மற்றவருக்கு ஆகுமாகாது என்பது நபிமொழியின் கருத்து. எனவே உண்டதற்குரிய விலையை முழுமையாகச் செலுத்திய ஒருவர் மேலதிகமாக எதுவும் வைக்காவிட்டால் அவர் பாவியல்லர். அவரை முறைத்துப் பார்ப்பதற்கும் பிறர் முன்னிலையில் வெட்கப்படுத்துவதற்கும் எவருக்கும் உரிமையில்லை.

இங்கே ஒரு விளக்கம் தேவை. எமது நாட்டின் ஹோட்டல்களிலும் பெரிய உணவகங்களிலும் பற்றுச்சீட்டில் நூற்றுக்குப் பத்து வீதம் சேவைக் கட்டணம் சேர்ப்பது வழக்கம். விலைப்பட்டியலில் அது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்து, நாம் அதைப் பார்த்துவிட்டு உணவு கேட்டிருந்தால், அது ஒப்பந்தத்தின் நிபந்தனையாகும். முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். அதனைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் கடை முதலாளிமாரே, ஊழியரின் பெயரால் வசூலிக்கும் அந்தப் பணம் உங்கள் கையில் அமானிதம்! ஊழியருக்கென்று வாங்கி, உடைந்த கோப்பைக்கும் மின்கட்டணத்துக்கும் அதிலிருந்து எடுப்பது மோசடியாகும். பிரித்தானியாவில் 2023 ஆம் ஆண்டு இதற்கெனவே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. டிப்ஸையும் சேவைக் கட்டணத்தையும் முழுமையாக ஊழியருக்கே கொடுக்க வேண்டும் என்ற அச்சட்டம் 2024 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாட்டின் பாராளுமன்றம் இப்போது சட்டமாக்கிய நேர்மையை, அமானிதம் என்ற ஒரு சொல்லால் எமது மார்க்கம் என்றோ கடமையாக்கிவிட்டது.

சகோதரர்களே, கூலியின் சுமையை வாடிக்கையாளரின் இரக்கத்தின் மீது ஏற்றிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்கா ஓர் உதாரணம். அங்கு டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு மத்திய சட்டப்படி முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டிய ஆகக் குறைந்த கூலி மணித்தியாலத்துக்கு 2.13 டொலர்தான். 1991 முதல் அத்தொகை மாறவில்லை. ஏனையோருக்குரிய 7.25 டொலரை எட்டும் வரை மிகுதி டிப்ஸிலிருந்து வரும் என்று கணக்கிடுகிறார்கள், வராவிட்டால்தான் முதலாளி ஈடுசெய்ய வேண்டும். இதனால் அங்கே டிப்ஸ் என்பது அன்பளிப்பாக இல்லாமல் எழுதப்படாத கடனாகவே மாறிவிட்டது. கொடுப்பவருக்கும் அதில் மகிழ்ச்சியில்லை, வாங்குபவருக்கும் நிம்மதியில்லை.

எமது நாட்டில் 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் தேசிய ஆகக் குறைந்த சம்பளத்தை மாதம் 10,000 ரூபாயாக நிர்ணயித்தது. 2025 ஆம் ஆண்டின் திருத்தம் அதனை 27,000 ரூபாயாகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாயாகவும் உயர்த்தியது. “சம்பளம் குறைவுதான், டிப்ஸ் கிடைக்கும்தானே” என்று கூறி ஒரு பிள்ளையை வேலைக்குச் சேர்க்கும் முதலாளி அல்லாஹ்வைப் பயந்துகொள்ளட்டும். டிப்ஸுக்கு ஊழியர் சேமலாப நிதியில்லை. நோயுற்ற நாளில் அது வராது. 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னரும், 2020 இல் கொரோனாத் தொற்றினாலும், 2022 இன் பொருளாதார நெருக்கடியிலும் உல்லாசப் பயணிகளின் வருகை வீழ்ந்தபோது, டிப்ஸையும் சேவைக் கட்டணத்தையும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் எவ்வாறு தவித்தன என்பதைத் தம்புள்ளையும் சீகிரியாவும் கண்கூடாகக் கண்டன.

சட்டம் இத்துடன் முடிகிறது. ஆனால் முஃமினின் வாழ்வு சட்டத்தின் எல்லைக் கோட்டில் முடிவதில்லை. நீதிக்கு மேலே இஹ்ஸான் என்ற ஒரு படி இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் ஒருவரிடம் கடனாகப் பெற்ற ஒட்டகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, அதைவிடச் சிறந்த ஒட்டகத்தையே கொடுத்தார்கள். அழகிய முறையில் திருப்பிச் செலுத்துபவரே மனிதர்களில் சிறந்தவர் என்றும் கூறினார்கள். மேலதிகமானதை எவரும் கேட்கவுமில்லை, அது நிபந்தனையாக இருக்கவுமில்லை.

இன்னொரு சம்பவம். அபூ தைபா என்பவர் நபியவர்களுக்கு இரத்தம் குத்தி எடுக்கும் சிகிச்சை செய்தார். அவர் ஓர் அடிமை. ஒவ்வொரு நாளும் உழைத்து எஜமானர்களுக்கு ஒரு தொகை கட்ட வேண்டியவர். நபியவர்கள் அவருக்கு ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் கொடுக்கச் செய்தார்கள். அத்தோடு நிற்காமல், அவர் கட்ட வேண்டிய தொகையைக் குறைக்குமாறு அவரது எஜமானர்களிடமும் கூறினார்கள். இதனை அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள், புகாரியில் இருக்கிறது. சிந்தித்துப் பாருங்கள்! தனது கையால் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்கள், அவரது பாரத்தைக் குறைக்க மேலிடத்திலும் பேசினார்கள். டிப்ஸ் பற்றிய முழுப் பாடமும் எனக்கு இந்த ஒரு ஹதீஸிலேயே தெரிகிறது. நோட்டை வைத்துவிட்டு, அநீதியைக் கண்டும் மௌனமாகப் போவது பாதிப் பணிதான்.

உணவைச் சமைத்துக் கொண்டுவரும் பணியாளரை உடன் அமர்த்திக்கொள்ள முடியாவிட்டால், ஓரிரு கவளங்களையேனும் அவருக்குக் கொடுக்குமாறும் நபியவர்கள் ஏவினார்கள். அடுப்பின் வெப்பத்தைத் தாங்கியவர் அவர்தானே என்பது அதற்கு அவர்கள் கூறிய காரணம். கொத்து ரொட்டிக் கல்லின் முன்னே நள்ளிரவு வரை நிற்கும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடங்கள் பணிவிடை செய்த அனஸ் (ரழி) அவர்களை நபியவர்கள் ஒருபோதும் “சீ” என்றுகூடச் சொன்னதில்லை. ‘டேய்’ என்று அழைக்கும் எமது நாவு இதனைக் கேட்க வேண்டும்.

இனி, பெறுபவர்களாகிய இளைஞர்களுக்கு. உமர் (ரழி) அவர்களுக்கு நபியவர்கள் ஒரு பொருளைக் கொடுத்தபோது, தன்னைவிடத் தேவையுள்ளவருக்குக் கொடுக்கலாமே என்றார்கள். எதிர்பார்த்து நில்லாமலும் கேட்காமலும் வரும் பொருளை ஏற்றுக்கொள்ளுமாறும், அவ்வாறு வராததன் பின்னே மனதை ஓடவிடாமல் இருக்குமாறும் நபியவர்கள் வழிகாட்டினார்கள். எனவே தந்தால் வாங்குங்கள், நன்றி சொல்லுங்கள். தராதவருக்கும் அதே முகமலர்ச்சியைக் கொடுங்கள். டிப்ஸ் வைப்பார் என்று நம்பி ஒருவரது தட்டில் முதலாளியின் கறித்துண்டை மேலதிகமாக வைப்பது தாராளமல்ல, அது பிறர் பொருளில் கைவைப்பதாகும். வாசனைத் திரவியத் தோட்டத்துக்கு வரும் விருந்தினரிடம், கேட்காமலே தைலம் தேய்த்துவிட்டு “எனக்குச் சம்பளமே இல்லை” என்று பொய்யுரைத்து வாங்கும் நோட்டில் பரகத் இல்லை. அவர் கறுவாவின் மணத்தையல்ல, அந்தச் சங்கடத்தையே தனது நாட்டுக்குக் கொண்டுபோவார்.

அரச கடமையில் இருப்பவருக்குக் கொடுக்கும் ‘சந்தோஷம்’ முற்றிலும் வேறு. ஸகாத் சேகரிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா என்பவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டியபோது நபியவர்கள் மிம்பரில் ஏறிக் கண்டித்தார்கள். அவர் தனது பெற்றோரின் வீட்டில் அமர்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். காரியாலயத்தில் கோப்பு நகர்வதற்காக, அரசாங்க வைத்தியசாலையில் வரிசையைத் தாண்டுவதற்காகக் கொடுப்பதற்குப் பெயர் டிப்ஸ் அல்ல, லஞ்சம். பெயரை மாற்றினால் ஹராம் ஹலாலாகிவிடாது.

இறுதியாக எம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலாளிமாரைக் குறைகூறும் நாம் எமது மஸ்ஜித்களையும் பார்க்க வேண்டும். ஐவேளையும் எம்மை அழைக்கும் முஅத்தினுக்குச் சொற்பச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, ரமழானில் முஸாபஹா செய்யும்போது உள்ளங்கையில் ஒரு நோட்டை மடித்து வைத்தால் போதும் என்று எண்ணுகிற ஊர்கள் இல்லையா? அந்த மடித்த நோட்டை நானும் வாங்கியிருக்கிறேன். கொடுத்தவர் அன்புடன்தான் கொடுத்தார். ஆயினும் பெருநாளுக்குப் பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்கலாமா, முடியாதா என்பது யார் கைகொடுக்க வருவார் என்பதில் தங்கியிருக்கும்போது, அந்த எதிர்பார்ப்பு ஒரு மனிதனின் முதுகை எப்படி வளைக்கும் என்பதை நான் அறிவேன். ஹதியா நல்லது. நியாயமான சம்பளத்தின் மேல் அது வரும்போது இன்னும் அழகானது.

எனவே பெற்றோர்களே, அடுத்த முறை குடும்பத்துடன் கடைக்குச் சென்றால், பரிமாறும் பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். ஜஸாகல்லாஹு கைரன் என்றோ, அவர் பேசும் மொழியில் நன்றி என்றோ சொல்லுங்கள். மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவர் என்பது நபிமொழி. வசதியிருந்தால் கொஞ்சம் வையுங்கள், அதனை உங்கள் பிள்ளையின் கையால் வைக்கச் செய்யுங்கள். வைத்த பின் சொல்லிக் காட்டாதீர்கள். சொல்லிக்காட்டுதல் தர்மத்தின் பலனை அழித்துவிடும் என்று ஸூரத்துல் பகரா எச்சரிக்கிறது. வசதியில்லையா? வெட்கப்படாதீர்கள், புன்னகையும் ஸதகாவே. “இது கடமையில்லை, மகனே. ஆனால் நல்ல மனிதர்கள் கடமையோடு நின்றுவிடுவதில்லை” என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

யா அல்லாஹ்! உழைப்பவரின் கூலியை முழுமையாகக் கொடுப்பவர்களாகவும், கேட்காமலே கொடுக்கும் கைகளாகவும், கேட்காமலே நிறைவடையும் உள்ளங்களாகவும் எம்மையும் எமது பிள்ளைகளையும் ஆக்கியருள்வாயாக. ஆமீன்.