பச்சைக் கோட்டின் இருபுறமும்

(அறக்கட்டளையின் விழா அவையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பகை மூண்ட இடத்தில் வலியவர் வென்று அமைதி காண்பது ஒரு வகை. நடுவர் ஒருவர் இடைநின்று இருதரப்பையும் இசைவித்து அமைதி காண்பது மற்றொரு வகை. இரண்டாவதே அறத்துக்கு உகந்த வழி என்பதில் இந்த அவைக்கு ஐயம் இராது. ஆயினும் அவ்வழி எங்கே இடறுகிறது, எங்கே பயன் தருகிறது என்பதை அறிதல் வேண்டும். மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதியில் உள்ள சைப்ரஸ் தீவின் வரலாறு அதனைத் தெளிவாகக் காட்டுகிறது.

பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து சைப்ரஸ் 1960-ஆம் ஆண்டு விடுதலை பெற்றது. மக்களுள் ஐந்தில் நான்கு பங்கினர் கிரேக்க மொழி பேசும் கிறித்தவர்; ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் துருக்கி மொழி பேசும் இசுலாமியர். குடியரசுத் தலைவர் கிரேக்கராகவும் துணைத் தலைவர் துருக்கியராகவும் இருத்தல் வேண்டும் என்று அரசமைப்பு வகுத்தது. அந்த ஏற்பாடு மூன்று ஆண்டுகளே நிலைத்தது. 1963 டிசம்பரில் கலவரம் மூண்டது. சண்டையை நிறுத்தத் தலைநகர் நிகோசியாவின் வரைபடத்தின்மீது பிரிட்டிஷ் தளபதி பீட்டர் யங் பச்சைப் பென்சிலால் ஒரு கோடு வரைந்தார். அது பச்சைக் கோடு என்றே பெயர் பெற்றது.

1964-இல் ஐக்கிய நாடுகளின் அமைதிப்படை அங்குச் சென்றது. அதன் முதல் தளபதி இந்தியரான ஞானி. அவரை அடுத்துப் பொறுப்பேற்றவர் ஜெனரல் திம்மையா. திம்மையா 1965 டிசம்பரில் அத்தீவிலேயே உயிர் நீத்தார். சைப்ரஸ் அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

அதே 1965-இல் ஐக்கிய நாடுகளின் நடுவராகிய காலோ பிளாசா தம் அறிக்கையை அளித்தார். தீர்வு எவ்வாறு அமைய வேண்டும் என்னும் தம் கருத்தை அதில் அவர் வெளிப்படையாக எழுதினார். நடுவர் தம் வரம்பைக் கடந்துவிட்டார் என்று துருக்கி அதனை மறுத்தது. அவர் பதவி விலக நேர்ந்தது. நடுவரின் சொல் நியாயமானதாக இருப்பது மட்டும் போதாது, அவரை நடுவராக இருதரப்பும் தொடர்ந்து ஏற்கவும் வேண்டும் என்பது அன்று கிடைத்த முதற்பாடம்.

1974 ஜூலையில் கிரேக்கத்தோடு தீவை இணைக்க விரும்பியோர் ஆட்சியைக் கவிழ்த்தனர். ஐந்து நாட்களில் துருக்கிப் படை கரையிறங்கியது. தீவின் வடபகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நிலம் அதன் வசமாயிற்று. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கர் தெற்கே வந்தனர்; பல்லாயிரம் துருக்கியர் வடக்கே சென்றனர். பச்சைக் கோடு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீண்டு தீவையே இரண்டாகப் பகுத்தது.

இரு இனமும் கூடிய கூட்டாட்சி அமைத்தல் என்னும் கொள்கையை 1977-இலேயே மகாரியோசும் டெங்க்டாஷும் ஏற்றுக்கொண்டனர். அதனைச் செயலாக்கும் பெருமுயற்சி 2004-இல்தான் முடிவுநிலைக்கு வந்தது. தலைவர்கள் உடன்படாத இடங்களை ஐக்கிய நாடுகளின் பொதுச்செயலர் கோபி அன்னான் தாமே நிரப்பித் திட்டத்தை நிறைவு செய்தார். ஏப்ரல் 24 அன்று இருபுறமும் தனித்தனியே வாக்கெடுப்பு நடந்தது. துருக்கியருள் நூற்றுக்கு 65 பேர் ஏற்றனர். கிரேக்கருள் நூற்றுக்கு 76 பேர் மறுத்தனர். ஒரு வாரத்தில், பிரிந்த நிலையிலேயே, சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. மறுத்தாலும் அந்தச் சேர்க்கை உறுதி என்பதை வாக்களித்தோர் முன்னரே அறிந்திருந்தனர்.

மறுத்தவர்கள் அமைதியை வெறுத்தவர்கள் அல்லர். துருக்கிப் படை முழுமையாக வெளியேறாதே, இழந்த வீடு திரும்பக் கிடைக்குமா என்பது அவர்கள் அச்சம். 1963-இல் நேர்ந்தது மீண்டும் நேர்ந்தால் சிறுபான்மையினரைக் காப்பவர் யார் என்பது மறுபுறத்தார் அச்சம். ஒரு சாரார்க்கு வரலாறு 1974-இல் தொடங்குகிறது. மற்றவர்க்கு 1963-இல் தொடங்குகிறது. இரண்டும் உண்மை; எதுவும் முழு உண்மை அன்று. அநேகாந்தம் கற்ற குடும்பங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பெருந்திட்டம் தோற்ற அந்நாட்டில் சிறுபணிகள் வென்றன. நிகோசியாவின் கழிவுநீர்த் திட்டம் 1974-இல் பாதியில் நின்றது. குழாய்கள் பெரும்பகுதி தெற்கிலும் சுத்திகரிப்பு நிலையம் வடக்கிலுமாக அமைந்திருந்தன. தென்நகரின் தலைவர் லெல்லோஸ் டிமெட்ரியாடிசும் வடநகரின் தலைவர் முஸ்தபா அகிஞ்சியும் கூடிப் பேசினர். ஒருவர் பதவியை மற்றவர் ஏற்பதா என்னும் வினாவை ஒதுக்கி வைத்தனர். 1980 முதல் இருபுறத்துக் கழிவுநீரும் ஒரே நிலையத்துக்குச் சென்றது. மனிதர் கடக்க இயலாத கோட்டை நிலத்தடியில் குழாய் கடந்தது.

காணாமற்போனோர் குழுவின் பணி இதனினும் பெரிது. 1981-இல் அமைந்த அக்குழுவின் பட்டியலில் 1,510 கிரேக்கரும் 492 துருக்கியரும் இடம்பெற்றுள்ளனர். இரு இனத்து அறிவியலாளரும் ஒரே ஆய்வகத்தில் எலும்புகளை ஆராய்கின்றனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டுக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளனர். கொன்றவர் யார் என்று அக்குழு கூறுவதில்லை. புதைத்த இடம் அறிந்தோர் அஞ்சாமல் முன்வருவதற்கு அந்த விதியே வழி செய்தது. ஆனால் மகனை இழந்த தாய்க்கு எலும்பு கிடைக்கிறது, நீதி கிடைப்பதில்லை. இந்த விலை சிறிது என்று எவரும் கூறிவிட முடியாது.

2003 ஏப்ரலில் கடவைகள் திறக்கப்பட்டபோது மக்கள் தாம் பிறந்த வீடுகளைக் காணச் சென்றனர். அங்கே குடியிருந்தோருள் பலர் அவர்களுக்குக் காப்பி அளித்து வரவேற்றனர். பழைய குடும்பப் படங்களைப் பாதுகாத்து வைத்திருந்து கொடுத்தோரும் உண்டு. அந்த வீடுகள் இன்னும் எவர்க்கு உரியவை என்பது தீரவில்லை. 2017-இல் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ் மொண்டானாவில் நடந்த பேச்சும் முறிந்தது. அங்கே வடக்கின் தலைவராக அமர்ந்திருந்தவர், கழிவுநீர்த் திட்டம் கண்ட அதே அகிஞ்சி.

எனவே நடுவர் வழி பயனற்றது என்று முடிவு செய்தல் ஆகாது. 1974-க்குப் பின் அத்தீவில் பெரும்போர் மூளவில்லை. கோட்டின் இருபுறத்தாரும் ஒருவரை ஒருவர் காண்கின்றனர். உடன்பாட்டை நடுவர் எழுதித் தரலாம். அதனை ஏற்கும் மனத்தை மக்களே ஆக்கிக்கொள்ள வேண்டும். பங்காளிகளுக்கிடையே நின்ற சுவரானாலும் நாடுகளுக்கிடையே நின்ற கோடானாலும், எதிர்ப்புறத்தார் அச்சத்தை அவர் வாயாலேயே கேட்டறிவது அதற்குத் தொடக்கம் ஆகும்.

வாழ்க அறம்! ஓங்குக அமைதி!