துலா நின்ற ஊரில் விடிகாலை நடை

(தோட்டச் சமூக மண்டபத்தில், தோட்டக் குடும்பங்களுக்காக ஆற்றிய சுகாதார உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாம் பேச வந்திருப்பது காலையில் எழும்பியவுடன் செய்கிற உடற்பயிற்சியைப் பற்றி. தலைப்பைச் சொன்னதுமே பின்வரிசையில் இருக்கிற அக்காமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறீர்கள். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் நமக்கு முதலில் கிடைக்கிறது அந்தச் சிரிப்பும், அதோடு சேர்ந்த ஒரு கேள்வியுந்தான். "விடிஞ்சதிலிருந்து பொழுது சாயிற வரைக்கும் மலை ஏறி இறங்குறோம், கொழுந்துக் கூடையத் தலையில மாட்டிக்கிட்டு நிக்கிறோம். எங்களுக்குமாங்க எக்சசைசு?"

நியாயமான கேள்வி. இதற்கு மறுமொழி சொல்ல முன், உங்களை ஒரு தடவை யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணம் நம்மவர்களுக்குப் புதிய பெயர் இல்லை. தோட்டத்துப் பாடசாலைக்கு வந்த வாத்தியார், ஆபீசில் இருந்த கிளாக்கர் என்று அந்தப் பக்கத்து ஆட்கள் பலரை மலைநாட்டுக்குத் தெரியும். 1977இலும் 1983இலும் கலவரத்துக்குப் பயந்து இங்கேயிருந்து வன்னிக்குப் போன சொந்தக்காரர்கள் உங்களில் எத்தனையோ பேருக்கு இருப்பார்கள். அந்த வழியே இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் குடாநாடு.

அங்கே நம்மூர் மாதிரி மலையும் இல்லை, ஓடையும் இல்லை. ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் கிடையாது. அடியில் சுண்ணாம்புக்கல், மேலே வலிகாமத்துச் செம்மண். புகையிலை, சின்ன வெங்காயம், மிளகாய் எதுவானாலும் கிணற்றுத் தண்ணீரை இறைத்துத்தான் வளர்க்க வேண்டும். அதற்கு அவர்கள் வைத்திருந்த ஏற்பாடு துலா. இரண்டு ஆடுகால் நட்டு, நடுவில் நீளமான மரத்தைக் குறுக்கே போட்டு, அதன் நுனியில் பனை ஓலையில் இழைத்த பட்டையைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அந்த மரத்தின் மேலே ஆள் ஏறி நிற்பார். கிணற்றுப் பக்கமாக நடந்தால் பட்டை கீழே போய்த் தண்ணீர் மொள்ளும். திரும்பிப் பின்பக்கமாக நடந்தால் பட்டை மேலே வரும். கிணற்றடியில் நிற்கிறவர் அதை வாய்க்காலில் கவிழ்ப்பார். இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற்றுவார்.

இதெல்லாம் வெயில் ஏற முன்னம் நடக்கிற வேலை. விடிய முன்னமே தொடங்கிவிடும். ஒரு மரத்தின் மேல் விழாமல் நடந்துகொண்டே இருப்பது என்றால் யோசித்துப் பாருங்கள். கால், தொடை, இடுப்பு, முதுகு எல்லாவற்றுக்கும் வேலை. தவறினால் கிணறு. அதனால்தான் துலா மிதிக்கிறவருக்கு உடம்பில் நிதானம் இருக்க வேண்டும் என்பார்கள்.

1950களுக்குப் பிறகு தண்ணீர் இறைக்கும் இயந்திரம் வந்தது. கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணிவிட்டு வரப்பில் நிற்கலாம். மெல்ல மெல்லத் துலாக்கள் கழன்றன. அது நல்ல காரியந்தான். மனிதன் மாடு மாதிரி உழைக்க வேண்டியதில்லை. ஆனால் துலா போனபோது சாப்பாடு குறையவில்லை. புட்டும் சோறும் அதே அளவு, தேத்தண்ணிக்குப் போடுகிற சீனியும் அதே அளவு.

நடுவில் ஒரு காலம் வந்தது. 1990இல் மீண்டும் சண்டை மூண்டபின் குடாநாட்டுக்கு எரிபொருள் போகவிடாமல் தடை. கரண்டும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வைத்தியர், பள்ளிக்கூடம் போகிற வாத்தியார், சந்தைக்குப் போகிற வியாபாரி, எல்லோரும் சைக்கிள். விறகுக் கட்டும் சைக்கிளில்தான், நோயாளியும் சைக்கிளில்தான். அந்தக் கஷ்டத்தை நாம் இங்கே புகழ வரவில்லை. மருந்து இல்லாமலும் குண்டு விழுந்தும் இறந்தவர்கள் அநேகம். அந்த மக்களுக்கு வேறு வழி இல்லாமல் உடம்பு அசைந்துகொண்டிருந்தது என்பதை மட்டும் சொல்கிறோம்.

2009இல் யுத்தம் முடிந்தது. பாதை திறந்தது. லீசிங் கம்பனிகள் வந்தன. வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள். முச்சந்திக் கடைக்கும் அதில்தான், கோயிலுக்கும் அதில்தான். சோடாவும் பொரியலும் சாதாரணமாகிவிட்டன. இன்றைக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் நீரிழிவுக் கிளினிக்கில் கூட்டம். சீனி வருத்தம் என்று நீங்கள் சொல்கிறீர்களே, அதுதான். இந்த நாட்டில் 2005-2006 அளவில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. யுத்தத்தால் வடக்கு கிழக்கை விட்டுவிட்டு ஏழு மாகாணங்களில் பார்த்தார்கள். வளர்ந்தவர்கள் பத்துப் பேரில் ஒருவருக்கு அந்த வருத்தம் இருந்தது. கிராமத்தைவிட நகரத்தில் கூடுதல். அதற்குப் பிறகு எண்ணிக்கை ஏறியதே தவிர இறங்கவில்லை.

ஆகவேதான் விடிகாலையில் யாழ்ப்பாணம் பண்ணைக் கடலோரம் போனால் ஆட்கள் நடந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஒரு பக்கம் பழைய கோட்டை, மறுபக்கம் கடல். ஓய்வு பெற்றவர்கள், வங்கியில் வேலை செய்கிறவர்கள், சேலையோடு சப்பாத்துப் போட்டுக்கொண்டு வேகமாக நடக்கிற அம்மாமார். பக்கத்தில் துரையப்பா விளையாட்டரங்கு. இந்திய உதவியோடு திருத்தி 2016 ஜூன் 18ஆம் திகதி அதைத் திறந்தபோது ஆயிரக்கணக்கான மாணவர்கள் மைதானம் நிறைய நின்று யோகாசனம் செய்து காட்டினார்கள். பாட்டன் துலா மரத்தில் நடந்தார். பேரன் வியர்வை வரட்டும் என்று மைதானத்தைச் சுற்றி ஓடுகிறான். காசு வாங்காமல் ஓடுகிறான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இந்த உண்மையை லண்டன் பட்டணத்தில் ஒரு டொக்டர் எப்போதோ காட்டிவிட்டார். ஜெரி மொரிஸ் என்பது அவர் பெயர். அங்கே ஓடுவது இரண்டு தட்டு பஸ். டிரைவர் நாள் முழுக்க இருந்த இடத்தில் இருப்பார். கண்டக்டர் டிக்கட் கொடுக்க மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். இரண்டு பேருக்கும் ஒரே கம்பனி, ஒரே பஸ். ஆனால் கண்டக்டர்மாரைவிட டிரைவர்மாருக்கு மாரடைப்பு அதிகமாக வந்தது. 1953இல் அந்த முடிவு அச்சில் வந்தது. உடம்பை அசைப்பதும் இருதயமும் சம்பந்தப்பட்டவை என்று உலகம் ஒழுங்காகக் கணக்குப் பார்க்கத் தொடங்கியது அதிலிருந்துதான்.

"அப்போ நாங்க கண்டக்டர் கட்சிதானே?" என்று கேட்பீர்கள். பாதிப் பேர் ஆம். மற்றப் பாதியை முதலில் எண்ணுவோம். பென்சன் வயது வந்து மலைக்குப் போகாமல் லயத்து வாசலில் இருக்கிற தாத்தா, பாட்டி. மோட்டார் சைக்கிளில் மலை சுற்றுகிற உத்தியோகத்தர். முச்சக்கர வண்டி ஓட்டுகிற தம்பி. கொழும்பில் கடையில் நின்றுவிட்டுத் தீபாவளிக்கு வயிறு வைத்துக்கொண்டு வருகிற மகன். இவர்களெல்லாம் துலா கழன்ற யாழ்ப்பாணத்தார் மாதிரி. மலையில் வேலை செய்த காலத்து ரொட்டி அளவு மட்டும் மாறவில்லை. இவர்களுக்குக் காலையில் அரை மணித்தியாலம் வேகமான நடை கட்டாயம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவு அசைய வேண்டும் என்று. ஐந்து நாள் அரை மணி நடந்தால் கணக்குச் சரி. நடக்கிறபோது தசை நார்கள் இரத்தத்தில் இருக்கிற சீனியை உறிஞ்சி எரிக்கின்றன. நடை நின்ற பிறகும் பல மணித்தியாலம் அந்த உறிஞ்சல் தொடரும். மருந்துக்கு அது துணை. மருந்தை நிறுத்திவிட்டு நடக்கச் சொல்லவில்லை, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கொழுந்தெடுக்கிற அக்காமாருக்கு வருவோம். உங்கள் வேலை பெரிய உழைப்புத்தான். ஆனால் உழைப்பும் பயிற்சியும் ஒன்றில்லை என்று டென்மார்க்கில் ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குள்ளும் வாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் அவர்கள் சொல்கிற காரணம் நமக்குப் புரிகிற காரணம். வேலையில் உடம்பு ஒரே விதமாக, மணிக்கணக்காக, ஆற நேரமில்லாமல் அசைகிறது. நமக்கு வேண்டியபோது நிறுத்த முடியாது. உங்களையே பாருங்கள். கூடைக் கயிறு நெற்றியில் இழுக்கக் கழுத்து முன்னால் தள்ளி நிற்கிறது. தோள் இரண்டும் முன்னால் வளைகிறது. கை விரல் ஓயாமல் ஓடுகிறது. சரிவில் நிற்பதால் ஒரு கால் எப்போதும் மேலே. இருபது வருசம் இப்படி நின்றவருக்குக் கழுத்தும் இடுப்பும் பிடிக்காமல் என்ன செய்யும்? உங்களுக்குத் தேவை இன்னும் ஒரு மலை ஏறுவது இல்லை. வேலை உடம்பை எந்தப் பக்கம் வளைத்ததோ, அதற்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் நிமிர்த்துவது. பத்து நிமிடம் போதும்.

எப்படி என்று கேட்டால், எழும்பியவுடன் குனிந்து கால் விரலைத் தொடாதீர்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பது அதுதான், ஆனால் பெரியவர்களுக்கு அந்த நேரம் அது கூடாது. இராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்புக்கு நடுவில் இருக்கிற வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடும். காலையில் நாம் ஒரு சென்றிமீற்றர், இரண்டு சென்றிமீற்றர் உயரமாகக்கூட இருப்போம். அந்த நேரத்தில் வெடுக்கென்று குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்குவதும் அப்படித்தான். முழங்காலை மடித்து இருந்து தூக்குங்கள். முதலில் வாசலில் நாலு நடை நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். இரண்டு கையையும் மேலே தூக்கி நன்றாக மூச்சு இழுங்கள். இடுப்பில் கை வைத்து மெதுவாகப் பின்பக்கம் சாயுங்கள். நாடியை உள்ளே இழுத்துக் கழுத்தை நேராக வையுங்கள். தோளைப் பின்னுக்குச் சுற்றுங்கள். விரல்களை விரித்து மடக்குங்கள். குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். இதற்கு ஒரு சாமானும் வாங்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தில் காலை நேரத்தைத் தேர்ந்தெடுக்கச் சூரியனே காரணம். ஒன்பது மணிக்கு மேல் அங்கே றோட்டில் நடக்க முடியாது. நமக்கோ குளிர். இருதய வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் போர்வையை உதறியவுடன் வெளியே ஓடக்கூடாது. குளிரில் இரத்தக் குழாய் சுருங்கிப் பிரஷர் ஏறும். காதை மூடிக்கொண்டு, வெளிச்சம் வந்தபிறகு மெதுவாகத் தொடங்குங்கள். பனிமூட்டத்தில் லொறிக்காரனுக்கு உங்களைத் தெரியாது.

காலையில்தான் செய்ய வேண்டும் என்று நாம் அடம் பிடிக்கவில்லை. அந்திக்குச் செய்தாலும் உடம்புக்கு நல்லதுதான். இராச்சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் நடப்பது சீனி வருத்தக்காரருக்கு மிக நல்லது. ஆனால் அந்தியில் உங்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது? கொழுந்து நிறுத்து, விறகு பொறுக்கி, அடுப்பு மூட்டி முடிய எட்டு மணி. காலையில் செய்தது செய்து முடிந்ததாக இருக்கும். விடிகாலை வெளிச்சம் கண்ணில் பட்டால் அன்றைக்கு இராத்திரி நித்திரையும் நேரத்துக்கு வரும்.

இங்கே ஆண்களிடம் ஒரு வார்த்தை. நாலரைக்கு எழும்பி ரொட்டி தட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி, பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தையை விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிற பெண்ணிடம் போய் எக்சசைஸ் செய் என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. அவளுக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைக்க வேண்டுமானால் அடுப்படியில் இன்னொருவர் நிற்க வேண்டும். தண்ணீர் தூக்குவதும் நல்ல பயிற்சிதான், ஐயாமாரே. நீங்கள் ஏன் தொடங்கக்கூடாது?

சிலர் கேட்காமல் தொடங்கக் கூடாது. இரத்தச் சோகை இருப்பவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், நடந்தால் நெஞ்சு இறுக்கிறவர்கள் முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டிக் கேளுங்கள். நம் பெண்களில் கண் இமையைப் பார்த்தாலே வெளுத்திருக்கிறவர்கள் பலர். நாலு படி ஏற மூச்சு வாங்கினால் அதற்குச் சோம்பல் காரணம் இல்லை, இரத்தம் குறைவாக இருக்கலாம். இன்சுலின் போடுகிறவர்களும், சீனிக்குக் குளிசை குடிக்கிறவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடக்கக் கூடாது. நடக்கும்போது கை நடுங்கி வியர்த்து மயக்கம் வந்தால் சீனித் தண்ணீர் குடிக்க வேண்டும், அதனால் மடியில் இரண்டு டொபி இருக்கட்டும். நெஞ்சு நோ வந்தால் நின்றுவிடுங்கள். "கொஞ்சம் பொறுத்தால் சரியாகும்" என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சப்பாத்து இல்லையே என்று ஒரு பாட்டி முன்வரிசையில் காதில் சொன்னார். வாரில்லாத செருப்பு வழுக்கும், பாட்டி. பின்னால் வார் உள்ள செருப்புப் போதும். மழைக்காலத்தில் அட்டை ஏறாமல் புல்லை விட்டுத் தார் றோட்டில் நடங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் மட்டும் வெறுங்காலோடு ஓரடிகூட வைக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாம் இந்தத் தோட்டத்தில் இன்று இரவு தங்குகிறோம். நாளைக் காலை பெரட்டு மணிக்கு அரை மணித்தியாலம் முன்னால், வெளிச்சம் வந்ததும் பெரட்டுக் களத்தில் நிற்போம். வருகிறவர்கள் துண்டோ கம்பளிச் சட்டையோ எடுத்து வாருங்கள். கூடையை லயத்துத் திண்ணையில் வைத்துவிட்டு வரலாம்.