தொட்டியைத் தட்டிப் பாருங்கள்

பட்டம் பெறும் மாணவ மாணவியரே, தங்கப் பதக்கம் வாங்கியவர்களுக்குப் பாராட்டு. பதக்கம் வாங்காதவர்களுக்கும் அதே பாராட்டு. உங்களோடுதான் எனக்கு இன்று அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

நான் 36 ஆண்டுகள் பொதுப் பூங்காக்களில் வேலை பார்த்தவன். 1981-இல் இளநிலைப் பட்டம் வாங்கிக்கொண்டு, நீலகிரியில் ஓர் அரசுப் பூங்காவுக்கு முதல் பணியாகப் போய்ச் சேர்ந்தேன். கையில் பெட்டி, பெட்டிக்குள் புதுச் சட்டை, சட்டைப் பையில் புதுப் பேனா. அங்கிருந்த மூத்த அதிகாரி என் உத்தரவைப் படித்துவிட்டு, "ஒரு வருஷத்துக்கு உங்களுக்கு இங்க நாற்காலி கிடையாது. நாற்றங்காலுக்குப் போங்க" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. நான்கு வருடம் படித்தது மண் சுமக்கவா என்று அன்று இரவு அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். இன்று அந்த மனிதரை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

நாற்றங்காலில் எனக்கு வாய்த்தவர் ஒரு மேஸ்திரி. வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். பள்ளிக்கூடம் அதிகம் போனவர் அல்லர். பதினான்கு வயதில் பூங்காவில் களை எடுக்க வந்தவர். என்னைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார், ஆனால் மரியாதை குறையாமல் பேசுவார். முதல் மூன்று மாதம் அவர் எனக்குக் கொடுத்த வேலை மண் கலப்பது: செம்மண், மணல், இலைமட்கு. பிறகு தொட்டி கழுவுவது. பிறகு தொட்டியின் அடித்துளையில் ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வைப்பது. பூவாளியை மட்டும் தொட விடவில்லை.

பிப்ரவரி மாதம். மே மாத மலர்க் காட்சிக்காக சால்வியா நாற்றுகள் தட்டுத் தட்டாக முளைத்து நின்றன. ஒரு நாள் மாலை மேஸ்திரி ஊருக்குப் போயிருந்தார். மேல்மண் காய்ந்ததுபோல் தெரிந்தது. நான் பூவாளியை எடுத்து எல்லாத் தட்டுக்கும் நிறையத் தண்ணீர் விட்டேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவோடு தூங்கினேன். மூன்றாம் நாள் காலை போய்ப் பார்த்தால், நாற்றுகள் அடித்தண்டு நூலாக இளைத்து, கொத்துக் கொத்தாகச் சாய்ந்து கிடந்தன. நாற்றழுகல். மலைக் குளிரில், மாலை வேளையில், ஈரம் காயாத மண்ணில் பித்தியம் என்ற நோய்க்கிருமி பரவ வேறென்ன வேண்டும்? அந்தப் பித்தியத்தைப் பற்றித் தேர்வில் ஐந்து பக்கம் எழுதி முதல் மதிப்பெண் வாங்கியவன் நான். கிருமியின் பெயர் தெரிந்திருந்தது. அதற்கு விருந்து வைத்ததும் என் கைதான்.

மேஸ்திரி திரும்பி வந்தார். திட்டவில்லை. செத்த நாற்றுகளை மண்ணோடு வாரி அப்புறப்படுத்தினார். தட்டுகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்தார். பிறகு என்னை வளர்ந்த செடிகள் இருந்த வரிசைக்குக் கூட்டிப்போனார். ஒரு மண்தொட்டியை நடுவிரல் முட்டியால் தட்டினார். 'ணங்' என்று கேட்டது. அடுத்த தொட்டியைத் தட்டினார். 'தொத்' என்று அமுங்கிய சத்தம். "முதல் தொட்டிக்குத் தாகம். இதுக்கு வயிறு நிறைஞ்சிருக்கு. மேல இருக்கிற மண்ணைப் பாத்து ஏமாறாதீங்க தம்பி. தட்டிப் பாருங்க, அதுவே சொல்லும்" என்றார்.

காரணம் எளிது. மண் காயும்போது சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகும். தொட்டியின் சுவரும் உலர்ந்திருக்கும். அதனால் மணிபோல் ஒலிக்கும். ஈரமண் சுவரோடு அப்பிக்கொண்டு ஒலியை விழுங்கிவிடும். இங்கிலாந்தின் பழைய தோட்டக்காரர்கள் குச்சியின் நுனியில் மரக்கட்டை செருகிச் சிறு சுத்தி செய்து, இதே வேலைக்கு வைத்திருந்தார்கள் என்று பின்னாளில் படித்தேன். எங்கள் மேஸ்திரிக்கு விரல் முட்டியே சுத்தி.

அன்று முதல் தினமும் காலையில் நான் தொட்டி தட்டினேன். முதல் மாதம் எல்லாம் ஒரே சத்தமாகக் கேட்டது. மூன்றாம் மாதம் இரண்டு சத்தம் பிரிந்தது. ஆண்டு முடிவதற்குள் நடுவே இருக்கும் சத்தங்களும் கேட்கத் தொடங்கின: நாளைக்கு விடலாம், இன்று மாலைக்குள் வாடும், வடிகால் அடைத்திருக்கிறது, வேர் தொட்டியை நிறைத்துவிட்டது. ஜப்பானில் போன்சாய் வளர்ப்பவர்களிடம், தண்ணீர் விடக் கற்க மூன்று வருடம் ஆகும் என்று ஒரு வழக்கு உண்டு. எனக்கு ஒரு வருடத்தில் வந்தது அதன் தொடக்கம் மட்டுமே.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், தண்ணீர் விடுவதை எல்லோரும் எடுபிடி வேலை என்று நினைக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உதகை மலர்க் காட்சிக்கு அண்மை ஆண்டுகளில் 30,000-க்கு மேற்பட்ட தொட்டிகள் அடுக்கப்படுகின்றன. ஒரு தொட்டி நான்கு மாதம் வளர்கிறது, இரண்டு நாளைக்கு ஒரு தடவை அதைப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் 60 தடவை. 30,000 தொட்டிக்கு 18 லட்சம் தடவை. வேண்டுமா, வேண்டாமா என்று 18 லட்சம் தடவை யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். நாம் மே மாதம் போய்ப் படம் எடுத்துக்கொள்ளும் பூக்கள் அந்த முடிவுகளின் விளைச்சல்.

அந்தக் காட்சி நடக்கும் உதகைப் பூங்காவின் பிறப்பே ஒரு பழகிய கையால் நடந்தது. லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் கிரகாம் மெக்கைவர் 1848-இல் வந்தபோது, மேல்பக்கம் காடு, கீழ்ப்பக்கம் சதுப்பு, நடுவே ஓடைப் பள்ளங்கள். அந்த இடத்தை 22 ஹெக்டேர் தோட்டமாகத் திருத்த அவருக்குச் சுமார் பத்து ஆண்டுகள் பிடித்தன. சின்கோனா மரப்பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் போர்த்தினால் பட்டை மறுபடி வளரும் என்று கண்டவரும் அவரே. மரத்தை வெட்டாமல் குயினைன் எடுக்கும் வழி அது. மரத்தின் காயத்தைக் கிட்ட நின்று பார்த்தவனுக்குத்தான் அந்த யோசனை வரும். அதே பூங்காவில் இன்றும் உறைபனிக் காலத்தில் பூச்செடிகளைக் கோத்தகிரி மிலார் செடிகளால் மூடி வைக்கிறார்கள். மேகமில்லாத இரவில் மண் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். மிலார் அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கும். எந்த இரவு பனி விழும் என்பதை மாலைக் காற்றை வைத்தே சொல்லும் தொழிலாளர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன்.

பொதுப் பூங்கா என்ற எண்ணத்திலேயே தோட்ட வேலை பழக வந்த ஒரு பையனின் கைரேகை இருக்கிறது. ஜோசப் பாக்ஸ்டன் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1823-இல் லண்டன் சிஸ்விக்கில் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இளம் வயதிலேயே சாட்ஸ்வர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் ஆனார். ராட்சத அல்லி இலையின் அடிநரம்புகள் பாரம் தாங்கும் விதத்தைக் கண்டு வியந்தார். அந்த வியப்போடு, 1851-இல் லண்டனில் எழுந்த படிக மாளிகையை வடிவமைத்தவர் அவர். அதற்கு முன்பே, 1847-இல், அவர் அமைத்த பிர்கன்ஹெட் பூங்கா திறக்கப்பட்டது. மக்கள் பணத்தில் உருவாகி எல்லோருக்கும் வாசல் திறந்த பூங்கா அது. அதைப் பார்த்து மனம் நெகிழ்ந்த அமெரிக்கரான ஆல்ம்ஸ்டெட்தான் பின்னர் நியூயார்க்கில் சென்ட்ரல் பார்க்கை உருவாக்கியவர்களில் ஒருவர். சொந்தத் தோட்டம் இல்லாதவனின் தோட்டம்தான் பொதுப் பூங்கா. ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கும் குழந்தை புல்லை மிதிக்கும் ஒரே இடம் அது. அதைப் பார்த்துக்கொள்கிறவரின் வேலை சின்ன வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கை பழகாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தேன். 2016 டிசம்பர் 12. வர்தா புயல். மறுநாள் சென்னைத் தெருக்களில் நடந்தேன். விழுந்த மரங்களில் கிழடும் உண்டு, தெருவோரக் கால்வாய்க்காக வேர் அறுபட்டவையும் உண்டு. ஆனால் ஓரிடத்தில் பத்துப் பன்னிரண்டு வயது மரம் ஒன்று வேரோடு புரண்டு கிடந்தது. குனிந்து வேரைப் பார்த்தேன். அது பக்கவாட்டில் ஓடவே இல்லை. சுற்றிச் சுற்றி, முறுக்கிய கயிறுபோல், ஒரு பாலிதீன் பையின் வடிவத்திலேயே இறுகியிருந்தது. கறுப்புப் பையின் கிழிசல் ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நட்ட அன்று யாரும் பையை முழுதாகக் கிழிக்கவில்லை. சுருண்ட வேரை விரலால் பிரித்துவிடவில்லை. இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடம் பன்னிரண்டு வருடம் காத்திருந்து மரத்தைச் சாய்த்தது. நட்டவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. நல்ல இலக்கு, நிறைவேற வேண்டும். ஆனால் நடப்படும் ஒவ்வொரு கன்றையும் ஒரு கை பையிலிருந்து எடுத்தாக வேண்டும். அந்தக் கைகளைப் பழக்க நம்மிடம் என்ன திட்டம் இருக்கிறது? கன்றுகளின் எண்ணிக்கையை எழுதுகிறோம். அவற்றை நட்டவரின் பெயரை எங்கும் எழுதுவதில்லை. ஒப்பந்தம் மாறும்போது ஆளும் மாறுகிறார். மேஸ்திரி ஓய்வு பெறும்போது அவர் விரல் முட்டியில் இருந்த அறிவு அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. என் காலம் முழுக்க என்னை உறுத்திய விஷயம் இதுதான்.

நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இருக்கிறது. பழகுநர் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். பழகுதல் என்றால் பயிற்சி. மனிதரோடு நெருங்கி இருப்பதும் பழகுதல். தோட்டத்தில் இரண்டும் ஒன்று. செடியோடும் பழக வேண்டும், அந்தச் செடியை அறிந்தவரோடும் பழக வேண்டும். நீங்கள் படித்தவர்கள் ஆகிவிட்டீர்கள். இனிமேல் பழகியவர்கள் ஆக வேண்டும்.

மாணவியருக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1896-இல் கியூ தோட்டத்தில் முதன்முதலாகப் பெண்கள் இருவர் தோட்டக்காரர்களாகச் சேர்ந்தபோது, ஆண்களைப்போல் முழங்கால் வரைக்குமான கால்சட்டை அணிந்துதான் வேலை செய்ய வேண்டும் என்றார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களைப் பொருட்படுத்தாமல் அவர்கள் வேலை பார்த்தார்கள். நம் பூங்காக்களில் பெண்கள் என்றைக்கும் இருந்திருக்கிறார்கள். ஆனால் நான் வேலை பார்த்த காலத்தில் களைக்கொத்தி பெண்கள் கையிலும், கவாத்துக் கத்திரியும் ஒட்டுக் கத்தியும் ஆண்கள் கையிலும் இருந்தன. நீங்கள் பொறுப்புக்கு வரும்போது களை எடுக்கும் அக்காவின் கையில் அந்தக் கத்தியைக் கொடுங்கள். ஒட்டுக் கட்ட நிதானமான கை வேண்டும். அது அவர்களிடம் இருக்கிறது.

இன்று மண் ஈரத்தை அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. வாங்குங்கள், பயன்படுத்துங்கள். மண்தொட்டி குறைந்து பிளாஸ்டிக் தொட்டி வந்துவிட்டது. அதைத் தட்டினால் ஒன்றும் கேட்காது. தூக்கிப் பாருங்கள், கனம் சொல்லும். வழி மாறலாம். குனிந்து, தொட்டு, கேட்டு, பிறகு முடிவெடுக்கும் பழக்கம் மாறக் கூடாது. அது செடிக்கு மட்டும் உதவும் பழக்கமும் அன்று. எனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் மனம் வாடியிருந்த நாட்களை, மேல்மண்ணைப் பார்த்து ஏமாறாமல், பல தடவை இப்படித்தான் கண்டுகொண்டேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த வாரத்துக்குள் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு உங்கள் ஊர்ப் பூங்காவுக்குப் போங்கள். அங்கே குழாயோடு ஒருவர் நின்றுகொண்டிருப்பார். பட்டத்தைச் சொல்லாமல் பெயரைச் சொல்லுங்கள். "அண்ணே, நானும் கொஞ்சம் தண்ணீர் விடட்டுமா?" என்று கேளுங்கள். அவர் உடனே குழாயைக் கொடுக்க மாட்டார். முதலில் உங்களைப் பார்ப்பார். எனக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. அவர் கொடுக்கும் வரை பக்கத்தில் நில்லுங்கள்.

உங்கள் கைகளுக்கு என் வாழ்த்துகள்.