வேலிக்குத் திட்டம் உண்டு, அடைக்கலத்திற்குச் சட்டம் இல்லை



துவாரகாவை அடுத்த உத்தம் நகரிலும் விகாஸ்புரியிலும் மியான்மரின் சின் இன அகதிகள் பல்லாண்டுகளாக வாழ்கின்றனர். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை பலரிடம் உண்டு. ஆயினும் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. தனிச் சட்டமும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் வெறும் அயல்நாட்டினர்.

2021 பிப்ரவரியில் மியான்மரில் இராணுவம் ஆட்சியைப் பறித்தது. அடுத்த மாதமே, வருவோரைத் தடுக்குமாறு உள்துறை அமைச்சகம் வடகிழக்கு மாநிலங்களுக்கு எழுதியது. மிசோரம் பணியவில்லை, வருவோர் இரத்த உறவினர் என்று கூறிப் பல்லாயிரம் பேரை ஏற்றது. ஒன்றிய அரசின் பதில் என்ன? எல்லையோர மக்கள் 16 கிலோமீட்டர் வரை விசாவின்றிச் சென்றுவரும் ஏற்பாடு ரத்தாகும், 1,643 கிலோமீட்டர் எல்லை நெடுகிலும் வேலி எழும் என்ற 2024ஆம் ஆண்டு அறிவிப்பே!

சார்க் நாடுகள் பயங்கரவாதத்திற்கு எதிராக 1987இலேயே பொது உடன்படிக்கை கண்டன. அடைக்கலத்திற்கு இன்றுவரை எதுவுமில்லை. ஆப்பிரிக்க நாடுகளோ 1969இலேயே தமக்கென அகதிகள் உடன்படிக்கை செய்துகொண்டன.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மதத்தை அளவுகோலாக்கியது. அந்த அளவுகோலும் நேர்மையானதன்று. தமிழக முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழரில் பெரும்பாலோர் இந்துக்கள். சின் மக்கள் கிறித்தவர்கள். இருவருக்கும் அதில் இடமில்லை.

ஒன்றிய அரசு முதலில் நாடாளுமன்றத்தில் அகதிகள் சட்டத்தைக் கொண்டுவரட்டும். உயிருக்கு அஞ்சி வந்தவரைத் திருப்பி அனுப்பலாகாது என்ற விதியிலாவது வங்கதேசம், நேபாளம், இலங்கையுடன் உடன்பாடு காணட்டும்.