கழுகின் உடலில் இருந்த விஷம்



டி.டி.டி. என்றால் உங்களில் பெரியவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மலேரியாவுக்காக வீடுவீடாக வந்து சுவரில் அடித்துவிட்டுப் போனார்களே, அந்த மருந்துதான். இன்று நாம் பேசப்போவது அதைப் பற்றியல்ல. அதைத் தேடப்போன இடத்தில் அகப்பட்ட வேறொரு விஷத்தைப் பற்றி.

1964-ம் வருஷம். ஸ்வீடன் தேசத்தில், ஸ்டாக்ஹோம் சர்வகலாசாலையில், ஸோரன் ஜென்சன் என்ற ரசாயன விஞ்ஞானி டி.டி.டி. எங்கெங்கே சேர்ந்திருக்கிறது என்று சோதித்துக்கொண்டிருந்தார். அவருடைய கருவி, ஒரு பொருளில் என்னென்ன ரசாயனம் கலந்திருக்கிறதோ அதையெல்லாம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காகிதத்தில் ஒரு முகடு வரைந்து காட்டும். டி.டி.டி.க்குரிய முகடு வந்தது. அதன் பக்கத்தில், பெயர் தெரியாத வேறு முகடுகளும் வந்தன. மீனைச் சோதித்தாலும் வந்தன. செத்துக் கிடந்த கடற்கழுகைச் சோதித்தபோது ஏராளமாக வந்தன.

வேறொருவராயிருந்தால், “கருவியில் ஏதோ கோளாறு” என்று தள்ளிவிட்டிருப்பார். ஜென்சன் தள்ளவில்லை. டி.டி.டி. புழக்கத்துக்கு வருமுன் எடுத்துவைத்திருந்த பழைய மாதிரிகளைத் தேடிச் சோதித்தார். அவற்றிலும் அதே முகடுகள்! ஆகவே இது பூச்சிமருந்தின் மிச்சம் அல்ல என்பது உறுதியாயிற்று. தம் குடும்பத்தார் தலைமுடியையே எடுத்துச் சோதித்தார். மீனும் கறியும் தின்னாத கைக்குழந்தையின் முடியிலும் அது இருந்தது. தாய்ப்பால் வழியாகத்தான் வந்திருக்கவேண்டும் என்று முடிவுகட்டினார். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் என்ன நினைத்திருப்பான் என்று நாம் யோசித்துப் பார்ப்பதுண்டு.

இரண்டு வருஷ உழைப்புக்குப் பிறகு, 1966-ல் விடை கிடைத்தது. பாலிகுளோரினேட்டட் பைபினைல், சுருக்கமாக பி.சி.பி. 1929 முதல் ஆலையில் தயாரிக்கப்பட்ட சரக்கு. தீப்பிடிக்காது, சூட்டில் கெடாது, மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் டிரான்ஸ்பார்மரிலும் கெப்பாசிட்டரிலும் ஊற்றினார்கள். பெயிண்டிலும் கார்பன் இல்லாத நகல் காகிதத்திலும் சேர்த்தார்கள். எது சரக்குக்குக் குணமோ அதுவே உயிருக்குக் கேடாயிற்று. கெடாத பொருள் மண்ணிலும் அழியாது. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். கடலில் நுண்ணுயிரைச் சிறு மீன் தின்னும், சிறு மீனைப் பெரிய மீன் தின்னும், அதைக் கழுகும் கடல்நாயும் தின்னும்; ஒவ்வொரு படியிலும் விஷம் பெருகும். பால்டிக் கடலில் பெண் கடல்நாய்களின் கருப்பை அடைபட்டுக் குட்டி ஈனமுடியாமல் போனதற்கு இந்த விஷமே காரணமாகலாம் என்று 1970-களில் ஜென்சனும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள்.

ஆனால் தோழர்களே, 1966-ல்தானா இது விஷமென்று தெரிந்தது? இல்லை! 1930-களிலேயே, இதைக் கையாண்ட அமெரிக்கத் தொழிலாளிகளின் முகத்திலும் உடம்பிலும் கொப்புளம் கொப்புளமாக வெடித்தது. இதுவும் இதன் இனத்தைச் சேர்ந்த ரசாயனங்களும் புழங்கிய இடத்தில் ஈரல் கெட்டுத் தொழிலாளிகள் செத்தார்கள். 1937-ல் ஹார்வர்டு சர்வகலாசாலை டாக்டர் ஒருவர் எலிகளை வைத்துச் சோதித்து, ஈரல் கெடுவதை எழுதியே வைத்தார். உற்பத்தி நின்றதா? பெருகியது. உலகம் முழுவதும் பத்து லட்சம் டன்னுக்கு மேல் தயாரித்தார்கள். கழுகு செத்த சேதி உலகத்துக்கு எட்டியது. தொழிலாளி செத்த சேதி ஆலைக் கேட்டைத் தாண்டவில்லை.

1968-ல் ஜப்பானில் நடந்ததையும் கேளுங்கள். தவிட்டெண்ணெய் தயாரிக்கும் ஆலை ஒன்றில், எண்ணெயைச் சூடாக்கும் குழாயிலிருந்து பி.சி.பி. கசிந்து எண்ணெயில் கலந்துவிட்டது. முதலில் லட்சக்கணக்கான கோழிகள் செத்தன. அப்போதே விழித்திருக்கலாம், விழிக்கவில்லை. பிறகு அந்த எண்ணெயில் சமைத்துத் தின்ற ஏழை எளிய ஜனங்களுக்குக் கொப்புளம், கண்வீக்கம், கைகால் மரமரப்பு. சில குழந்தைகள் தோல் கறுத்துப் பிறந்தன.

அமெரிக்காவில் மான்சாண்டோ கம்பெனி 1977-ல்தான் தயாரிப்பை நிறுத்தியது. அதன் ஆலை இருந்த அலபாமாவின் ஆனிஸ்டன் ஊர் ஜனங்கள், இருபதாயிரம் பேருக்கு மேல், கோர்ட்டுக்குப் போய்ப் போராடினார்கள். 2003-ல் 70 கோடி டாலருக்கு வழக்கு முடிந்தது. அதற்குள் எத்தனை பேர் மண்ணுக்குப் போய்விட்டார்களோ!

2001-ல் ஸ்டாக்ஹோமில் கையெழுத்தான சர்வதேச ஒப்பந்தம் தடைசெய்யத் தேர்ந்த முதல் பன்னிரண்டு ரசாயனங்களில் பி.சி.பி.யும் ஒன்று. நமது மத்திய சர்க்கார் 2016-ல் போட்ட உத்தரவு, இதன் தயாரிப்பையும் இறக்குமதியையும் தடுத்தது. 2025 டிசம்பர் 31-க்குள் உபயோகமே அடியோடு நிற்கவேண்டும் என்றது. காகிதத்தில் கெடு போட்டாயிற்று. பழைய டிரான்ஸ்பார்மரை உடைத்துச் செம்பைப் பிரித்தெடுப்பவன் யார்? காயலான் கடைக் கூலிக்காரன். எண்ணெயைத் தரையில் கொட்டி, கம்பியை நெருப்பில் போட்டுப் பொசுக்குகிறான். இந்த விஷத்தை அரைகுறைச் சூட்டில் எரித்தால் அதைவிடக் கொடிய விஷப்புகை வரும். ஆகவே அப்படிப்பட்ட வேலை வந்தால், எண்ணெயைச் சோதித்த சீட்டு எங்கே என்று முதலில் கேளுங்கள். சீட்டு வரும்வரை பெட்டியைத் திறக்காதீர்கள். ஒருவனாகப் போய்க் கேட்டால் விரட்டுவான். சங்கத்தோடு போய்க் கேளுங்கள்.