தண்ணீர்க் கணக்கில் இரண்டு அளவுகோல்

சங்கரன்கோவில் வட்டாரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தை ஒட்டியிருக்கிற ராயகிரியை எடுத்துக்கொள்வோம். அங்கே பெய்யும் மழைக்கு மில்லிமீட்டர். அது வந்து சேரும் குளத்தின் கொள்ளளவுக்கு மில்லியன் கனஅடி. குளம் பாயும் வயலுக்கு ஏக்கரும் சென்டும். வீட்டு மாடித் தொட்டிக்கு லிட்டர். ஒரே தண்ணீருக்கு நான்கு கணக்கு. 1956-இல் எடை, அளவுத் தரச் சட்டம் வந்தது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கடையிலிருந்து வீசையும் படியும் போய்விட்டன. ஆற்றையும் அணையையும் விட்டு அடி மட்டும் போகவில்லை. இரண்டு முறைகளும் அருகருகே இருப்பதால் பெரிய கெடுதல் இல்லை. எந்த அலகு, எவ்வளவு நேரத்துக்கு என்று சொல்லாமல் வெறும் எண்ணை அறிவிப்பதுதான் கெடுதல் என்பது இந்த உரையின் வாதம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு மீட்டர் என்பது சுமார் 3.28 அடி. அதனால் கனமீட்டரைக் கனஅடியாக்க 3.28-ஆல் பெருக்கினால் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கன அளவில் நீளம், அகலம், உயரம் மூன்றும் இருப்பதால் 3.28-ஆல் மூன்று முறை பெருக்க வேண்டும். அப்படிப் பெருக்கினால் ஒரு கனமீட்டருக்கு 35.3 கனஅடி வரும். ஒரு கனஅடிக்கு 28.3 லிட்டர். ஒரு குளம் 10 மில்லியன் கனஅடி கொள்ளும், அதற்கு வினாடிக்கு 20 கனஅடி வரத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குளம் நிரம்பி மறுகால் பாய ஏறக்குறைய ஐந்தே முக்கால் நாள் ஆகும். அந்த 20-ஐக் கனமீட்டர் என்று எடுத்துக்கொண்டால், நான்கு மணி நேரத்திலேயே நிரம்பிவிடும் என்று விடை வரும். எண் ஒன்றுதான்; முதல் விடையை நம்பினால் மடையைத் திறக்க யோசித்து முடிவெடுக்க நாள் இருக்கிறது, இரண்டாவதை நம்பினால் ஊரை எச்சரிக்கவே நேரம் போதாது.

ஏட்டுக் கணக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2018 ஆகஸ்டில் இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகுகள் திறக்கப்பட்டபோது கேரளத்தில் வெளியேற்றத்தைக் கனமீட்டரில் சொன்னார்கள். ஒரு கட்டத்தில் அது வினாடிக்கு 750 கனமீட்டரை எட்டியது. நம் வழக்கப்படி அது 26,000 கனஅடிக்கும் மேல். அலகைக் கவனிக்காமல் கேட்கிற தமிழ்நாட்டுக் காதுக்கு 750 என்பது ஒரு சாதாரணக் கால்வாயின் ஓட்டம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்குச் சுமார் 29,000 கனஅடி திறக்கப்பட்டது. மெட்ரிக்கில் அது 820 கனமீட்டர் அளவு. மத்திய நீர்வள ஆணையம் ஆற்றின் ஓட்டத்தைக் கனமீட்டரில் வெளியிடுகிறது, நம் மாநில அறிவிப்புகள் கனஅடியில் வருகின்றன. மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடும் தண்ணீரை ஒப்பிட வேண்டியவர்களுக்கு, அதிலும் மலைமேல் உள்ள செண்பகவல்லி தடுப்பணையைச் சீரமைக்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக இருக்கிற இந்த வட்டாரத்தாருக்கு, இரண்டு அலகும் பழகியிருக்க வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் மெட்ரிக்குக்கே மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். சட்டத்தின் பார்வையில் அது நியாயமான கேள்வி. ஆனால் மேட்டூர் அணை 120 அடி என்றும் 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கனஅடி) என்றும்தான் நாடறியும். காவிரி வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்க வேண்டியதை ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்றுதான் வகுத்தது. இந்த ஆவணங்களை ஒரே நாளில் மாற்றி எழுதினால், பழைய பதிவோடு புதியதை ஒப்பிடும் ஒவ்வொரு முறையும் பிழை நுழைய வழி உண்டாகும். அதோடு, நிலம் ஏக்கரில் இருக்கும்வரை கனஅடிக்கு ஒரு வசதியும் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கரில் பெய்யும் ஓர் அங்குல மழை, முழுதும் வழிந்தோடினால், ஏறத்தாழ வினாடிக்கு ஒரு கனஅடி. வினாடிக்கு ஒரு கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்கப் பாய்ந்தால், ஓர் ஏக்கரில் கிட்டத்தட்ட இரண்டடி நிற்கும். வினாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி. இவ்வளவையும் காகிதம் இல்லாமலே போட்டுவிடலாம்.

கைப்பேசி இருக்கும்போது இந்த மனக்கணக்கு எதற்கு என்பது அடுத்த மறுப்பு. கைப்பேசி பெருக்கித் தரும். நாம் தந்த எண் எந்த அலகில் வந்தது என்று அதற்குத் தெரியாது. பம்பின் மேல் நிமிடத்துக்கு இத்தனை கேலன் என்று எழுதியிருந்தால், அது 4.55 லிட்டர் கொண்ட பிரிட்டிஷ் கேலனா, 3.79 லிட்டர் கொண்ட அமெரிக்கக் கேலனா என்று நாம்தான் விசாரிக்க வேண்டும். இன்னொரு தொந்தரவும் உண்டு: 29,000 கனஅடியைக் கொடுத்தால் கருவி 821.1886 கனமீட்டர் என்று நான்கு தசமம் வரை காட்டும். அந்த 29,000 என்பதே தோராயமாகச் சொன்னது. மூல அளவில் இல்லாத துல்லியம் பெருக்கலால் வந்துவிடாது. 820 என்று சொல்வதே நேர்மை.

எனவே அணைத் திறப்பு, வெள்ள எச்சரிக்கை, குளத்து வரத்து என எந்த அறிவிப்பாக இருந்தாலும் அதில் எண், அலகு, கால அளவு மூன்றும் இருக்க வேண்டும். கனஅடிக்குப் பக்கத்தில் கனமீட்டரும் இருக்க வேண்டும். 'ஆயிரம் கனஅடி திறப்பு' என்ற செய்தி பாதிச் செய்திதான். 'வினாடிக்கு ஆயிரம் கனஅடி, அதாவது 28 கனமீட்டர்' என்று சொல்ல ஒரு மூச்சுகூட அதிகம் ஆகாது. அறிவிப்பவர்கள் இதைச் செய்ய வேண்டும். விட்டுவிட்டால் கேட்பவர்கள் 'எந்த அலகு, எவ்வளவு நேரத்துக்கு' என்று திருப்பிக் கேட்க வேண்டும்.