அடுக்குமாடிப் பிள்ளைகளும் நம் சங்கத்தின் அடுத்த ஐம்பதும்

(பொன்விழாவையொட்டி மாக் மண்டினில் நடந்த இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெரியோர்களே, தாய்மார்களே, என் வயதையொத்த சகோதரர்களே, பின்வரிசையில் கைத்தொலைபேசியோடு அமர்ந்திருக்கும் தம்பிமார்களே! விளையாட்டு, வேலை, கல்வி உதவி ஆகிய மூன்றையும் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். மூன்றும் ஒரே விஷயம் என்றுதான் நான் நினைக்கிறேன். நான் மேடைப் பேச்சாளன் அல்லன், கடை நடத்துகிறவன். அதனால் வரவு செலவு சொல்வதுபோலச் சொல்லிவிடுகிறேன்.

நாம் எப்படி அடுக்குமாடிக்கு வந்தோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். நம் முன்னோர் கடையநல்லூரிலிருந்தும் இராமநாதபுரத்துச் சீமையிலிருந்தும் நாகூர்ப் பக்கத்திலிருந்தும் கப்பலேறி வந்தபோது, அவர்களுடைய உலகம் ஜார்ஜ்டவுனின் சில தெருக்களுக்குள் அடங்கியிருந்தது. துறைமுகமும் கடையும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. 1969இல் பினாங்கின் தீர்வையற்ற துறைமுகத் தகுதி போனது. வியாபாரம் படுத்தது, வேலையில்லாதோர் பெருகினர். அந்தக் காலத்தில்தான் தொழிற்சாலைகள் நமக்குக் கைகொடுத்தன. நம் மாக் மண்டின் தொழிற்பேட்டை அறுபதுகளிலேயே தொடங்கியது. பாயான் லெப்பாஸ் தீர்வையற்ற தொழில் வட்டாரம் 1972இல் வந்தது. பிறகு, பழைய கட்டடங்களில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்தோரைக் காத்துவந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு முடிந்தது. தீவில் வாடகை கொடுத்து மாளாத குடும்பங்கள் பல அடுக்குமாடிகளுக்கும் கடல் தாண்டி இந்தப் பெருநிலத்துக்கும் வந்தன.

வீடு கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். குறைந்த விலை வீடு 42,000 வெள்ளிக்குள் கிடைத்ததும், அரசாங்க மக்கள் வீட்டுத் திட்டத்தில் 124 வெள்ளி வாடகைக்குக் குடியிருக்க முடிந்ததும் சாதாரண காரியமல்ல. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் 650 சதுர அடியில் அத்தா, அம்மா, பாட்டி, நான்கு பிள்ளைகள் இருந்தால், பதினாறு வயதுப் பையன் எங்கே உட்காருவான்? பாட்டி தூங்கும் கூடத்தில் அவனால் படிக்க முடியாது. நடைபாதையில் நின்றால் பக்கத்து வீட்டார் முறைப்பார்கள். கடைசியில் அவன் மாடிப்படிக்கும் வாகன நிறுத்துமிடத்துக்கும் போய்ச் சேருகிறான். அங்கே அவனை அன்பாக விசாரிக்கிறவர் யார் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். போதைப்பொருள் விற்கிறவன் நம் பிள்ளையின் பெயரைத் தெரிந்துவைத்திருக்கிறான். நம் சங்கத்துக்கு அந்தப் பெயர் தெரியுமா? விளையாட்டைப் பற்றிய பேச்சை நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

செபாக் தக்ராவ் ஆட்டம் இன்று ஆசிய விளையாட்டுப் போட்டி வரை போயிருக்கிறது. வட்டமாக நின்று பிரம்புப் பந்தை உதைத்துக்கொண்டிருந்த பழைய ஆட்டத்துக்கு நடுவில் வலை கட்டியது நம் பினாங்கில்தான் என்பார்கள். 1945இல் அதைச் செய்து காட்டியவர் என்று அமீது மைதீன் பெயரைச் சொல்கிறார்கள். 1965இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளிலும், 1990இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியிலும் அது இடம்பெற்றது. அதற்குத் தேவைப்படுவது ஒரு பூப்பந்துத் திடலின் அளவு இடமும் ஒரு வலையும் ஒரு பந்தும்தான். அடுக்குமாடியின் கீழே இதற்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பெண் பிள்ளைகளை இதில் மறந்துவிடக் கூடாது. வட சென்னையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா. 2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். அந்த அத்தா பகலெல்லாம் ஆட்டோ ஓட்டிவிட்டு, தன் பிள்ளைக்கும் பேட்டைப் பிள்ளைகளுக்கும் கேரம் சொல்லிக் கொடுத்தவர். அவருக்குப் பெரிய அரங்கம் எதுவும் இருக்கவில்லை. கேரம் பலகையும் தினமும் வந்து உட்காரும் ஒரு பெரியவரும் இருந்தால் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நாம் என்ன செய்கிறோம்? ஆண்டுக்கொரு முறை பந்துப் போட்டி வைக்கிறோம். கோப்பை, சீருடை, சாப்பாடு என்று செலவழிக்கிறோம். மறுநாள் திடல் காலியாகிவிடுகிறது. ஒருநாள் போட்டிக்கு ஆகும் செலவில் வாரம் இரண்டு மாலை பயிற்சியை மாதக்கணக்கில் நடத்தலாம். அஸருக்குப் பின் விளையாட்டு, மஃரிப் தொழுகை, அதன்பின் ஒரு மணி நேரம் படிப்பு. வருகிறவர் பெயரை ஓர் ஏட்டில் எழுத வேண்டும். இரண்டு வாரம் ஒரு பையன் வராவிட்டால், யாராவது படியேறி அவன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். என் கணக்கில் கோப்பையைவிட அந்த ஏடுதான் பெரிய முதலீடு.

அடுத்தது வேலை. நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் ஓர் அன்சாரித் தோழர் உதவி கேட்டு வந்த செய்தி நம் எல்லாருக்கும் தெரிந்ததே. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ஒரு போர்வையும் ஒரு பாத்திரமும் இருந்தன. அவற்றை ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். இன்னும் கூடக் கொடுப்பவர் உண்டா என்று மீண்டும் கேட்டு இரண்டு திர்ஹமுக்கு விற்றார்கள். ஒன்றுக்குக் குடும்பத்துக்கு உணவு, மற்றொன்றுக்குக் கோடரி. தம் கையாலேயே அதற்குக் காம்பு பொருத்தி, பதினைந்து நாள் விறகு வெட்டி விற்றுவிட்டு வரச் சொன்னார்கள். அவர் பத்து திர்ஹமோடு திரும்பி வந்தார்.

கடைக்காரனாக இந்தச் செய்தியைக் கேட்கும்போது எனக்கு நான்கு விஷயங்கள் தெரிகின்றன. முதலில் அவரிடம் இருப்பதைக் கேட்டார்கள். பசியை முதலில் தீர்த்தார்கள். கையில் காசாகக் கொடுக்காமல் கருவியாகக் கொடுத்தார்கள். தவணை வைத்து மறுபடி பார்த்தார்கள். நாம் செய்யும் உதவியில் இந்த நான்காவது மட்டும் எப்போதும் விட்டுப்போகிறது.

இன்று எஸ்.பி.எம். முடித்த கையோடு நம் தம்பிமார் மோட்டார் சைக்கிளில் உணவுப் பொட்டலம் கொண்டு போகிறார்கள். உழைத்துச் சாப்பிடுவது கௌரவம், அதில் எந்த இழிவும் இல்லை. ஆனால் இருபது வயதில் வரும் அதே வருமானம் முப்பத்தைந்து வயதிலும் வந்தால் குடும்பம் தாங்குமா? அந்த வேலையில் இருப்போர் குறைந்தபட்சம் 2017ஆம் ஆண்டின் சுயதொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோவில் பதிந்திருக்க வேண்டும். கால் முறிந்தபின் நன்கொடை உண்டியல் எடுப்பதைவிட, இன்றே பதிந்து கொடுப்பது நமக்கும் மரியாதை, அவர்களுக்கும் மரியாதை.

கைத்தொழில் தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள் நம்மில் நிறைய. பட்டறையில் பத்து வருடம் நின்றவர், குளிர்சாதனம் பழுது பார்ப்பவர், சமையற்காரர் என்று எத்தனையோ பேர். இவர்களுக்காகவே மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம்.-இல் முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் வழி இருக்கிறது. செய்த வேலைக்குச் சான்று திரட்டிக் காட்டினால், வகுப்பில் உட்காராமலே சான்றிதழ் பெறலாம். மூன்றாம் நிலை வரை சான்றிதழ், நான்காம் நிலை திறன் டிப்ளோமா. ஆனால் அந்தச் சான்றுகளை மலாய் மொழியில் எழுதி அடுக்கித் தர ஆள் வேண்டும். படித்த பிள்ளைகள் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் கொடுத்தால் இந்த வேலை நடந்துவிடும். சங்கத்துக்கு ஆகும் செலவு தேநீர் மட்டும்தான்.

மூன்றாவதாகக் கல்வி உதவி. நம் சமுதாய வணிகர்களுக்கு இது புதிதல்ல. ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் இராவுத்தரும் 1951இல் திருச்சியில் எழுப்பிய கல்லூரியில் இன்றும் பல சமயத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பக்கத்துச் சிங்கப்பூரில் மெண்டாக்கி 1982இல் தொடங்கியது. முஸ்லிம் ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சேரும் சிறு தொகையும் அதைத் தாங்குகிறது. இந்த இரண்டும் ஒரு விழாவோடு நின்றுபோனவை அல்ல.

நம் நிலை என்ன? நல்ல தேர்ச்சி பெற்றவரை மேடைக்கு அழைத்து உறை கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம். எட்டு ஏ வாங்கியவருக்குப் பல கைகள் நீளும். மூன்று கிரெடிட் வாங்கியவரைத்தான் யாரும் அழைப்பதில்லை. மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே இல்லை. இரண்டையும் மறுதேர்வாக எழுத வழி இருந்தும், எழுது என்று சொல்ல ஆளில்லாமல் எத்தனை பேர் அத்தோடு நின்றுவிட்டார்கள்!

நான் போலிடெக்னிக்கில் டிப்ளோமா படித்தவன், அதனால் இதை உறுதியாகச் சொல்கிறேன். கட்டணம் ஒரு பருவத்துக்கு 200 வெள்ளிதான். படிப்பை நிறுத்த வைப்பது அந்தக் கட்டணம் அல்ல. சேரும் வாரத்தில் ஒரே நேரத்தில் வந்து விழும் மடிக்கணினி, விடுதி, சீருடை, பேருந்துச் செலவு ஆகியவைதான். பிறகு, வீட்டில் யாருக்காவது நோய் வந்தால், படித்தது போதும், கடைக்கு வா என்ற அழைப்பு. ஆகவே உதவித்தொகையை ஒரே உறையில் கொடுக்காமல், சேரும் வாரத்தில் பாதியும் மீதியை ஒவ்வொரு பருவத் தேர்ச்சித் தாளைக் காட்டும்போதும் கொடுக்க வேண்டும். ஜக்காத் பினாங்கின் கல்வி உதவிக்கு யார் தகுதியோ அவர்களுக்குப் படிவம் நிரப்ப நாம் உதவினால், நம் நிதி மற்றவர்களுக்கு மிஞ்சும்.

சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைத்து முடிக்கிறேன். ஒன்று, நம் வட்டார அடுக்குமாடிகளில் பதினைந்து முதல் இருபத்தைந்து வயதுக்குட்பட்ட நம் பிள்ளைகள் எல்லாரின் பெயரையும் ஆறு மாதத்தில் ஓர் ஏட்டில் ஏற்ற வேண்டும். இரண்டு, இங்கே அமர்ந்திருக்கும் வியாபாரிகள் ஆளுக்கொரு பிள்ளையை மூன்று வருடம் பொறுப்பேற்க வேண்டும். பணம் கொடுக்க முடிந்தவர் பணம் கொடுக்கட்டும், முடியாதவர் மாதம் ஒருமுறை போய் விசாரிக்கட்டும். மூன்று, அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு வாசித்த கையோடு அந்த ஏட்டையும் வாசிக்க வேண்டும். யார் படிக்கிறார், யார் வேலையில் இருக்கிறார், யாரைக் காணவில்லை என்று.

முதல் பெயராக ஒரு தம்பியின் பொறுப்பை நானே ஏற்கிறேன். கூட்டம் முடிந்ததும் அந்த ஏடு வாசலருகே மேசையில் இருக்கும். பிரியாணி ஆறிவிடாது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

நம் முன்னோர் சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் எழுந்த இந்தச் சங்கத்தை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ளதாக ஆக்கித் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.